உளவுத் துறையில கத்துக்கிட்ட வித்தை: ரிட்டயர் ஆனப்புறம் யாருக்குச் சொந்தம்?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

திருவண்ணாமலையில இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு ஒரு கேள்வியில இருந்து வருது. பெங்களூருல ஸ்டார்ட்அப்ல வேலை பார்க்கிற ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எங்க கம்பெனிக்கு செக்யூரிட்டி அட்வைசரா ஒருத்தர் வந்திருக்கார். முன்னாடி மத்திய அரசோட உளவுத் துறையில இருந்தவராம். அங்க கத்துக்கிட்டதை இங்க வந்து சொல்லிக்கொடுக்கலாமா? சட்டம் அதுக்கு விடுதா?"

சுருக்கமா பதில் சொல்லணும்னா, கம்பெனிக்குள்ள சொன்னா பெரும்பாலும் கேட்க ஆள் இல்ல. ஊரறிய எழுதினா பென்ஷனுக்கே ஆபத்து வரலாம். ஏன் இப்படித் தலைகீழா இருக்குங்கிறதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ரகசியம் வேற, அனுபவம் வேற

எங்க ஊர் உதாரணத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2023 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. திருவண்ணாமலை டவுன்ல ரெண்டு, போளூர்ல ஒண்ணு, கலசபாக்கத்துல ஒண்ணுன்னு நாலு ஏ.டி.எம். மெஷினை ஒரே ராத்திரியில கேஸ் கட்டரால அறுத்தாங்க. 70 லட்சம் ரூபாய்க்கு மேல போச்சு. தடயம் கிடைக்கக்கூடாதுன்னு தீயும் வச்சுட்டுப் போனாங்க. தனிப்படைகள் கர்நாடகா, குஜராத், ஹரியானான்னு அலைஞ்சு, ஒரு வாரத்துக்குள்ள ஹரியானாவுல முக்கியமான ரெண்டு பேரைப் பிடிச்சாங்க.

இப்ப ஒரு கற்பனை. இந்த மாதிரி கும்பல்களை இருபது வருஷம் பின்தொடர்ந்த ஒரு அதிகாரி ரிட்டயர் ஆகிறார். ஒரு பேங்க் அவரைக் கூப்பிட்டு, "எங்க மெஷினை எப்படிக் காப்பாத்துறது, சொல்லுங்க சார்"ன்னு கேட்குது. அவர் மண்டைக்குள்ள மூணு வகை சரக்கு இருக்கும்.

முதல் வகை, ரகசியம். எந்த ஊர்ல யார் துப்பு கொடுத்தாங்க, யாரோட போன் கண்காணிப்புல இருக்கு, இந்த மாதிரி. இது வெளிய போனா ஒரு உயிரே போகலாம்.

ரெண்டாவது, முறை. ஒரு செல்போன் டவர் டேட்டாவுல இருந்து ஆளை எப்படிச் சுருக்கிக் கண்டுபிடிக்கிறாங்க, எந்தக் கருவி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது.

மூணாவது, அனுபவத்துல வந்த பார்வை. மெஷின் பக்கத்துலயே ரெக்கார்டரை வச்சா அதுவும் சேர்ந்து எரியும், அதனால வீடியோ உடனுக்குடன் வேற இடத்துக்குப் போகணும். நெடுஞ்சாலைக்கு ரெண்டு நிமிஷத்துல போயிடக்கூடிய மெஷினுக்குத்தான் ஆபத்து அதிகம். யாராவது ரெண்டு மூணு நாள் முன்னாடியே வந்து நோட்டம் பார்த்திருப்பாங்க, பழைய வீடியோவைத் தேடு. இதெல்லாம்.

முதல் வகையை வெளிய சொல்லக்கூடாதுன்னு யாருக்கும் சந்தேகம் இல்ல. 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் இருக்கு, குற்றம்னா ஜெயில்தான். மூணாவது வகையை பேங்குக்குச் சொன்னா எல்லாருக்கும் நல்லது. சண்டை எங்கன்னா, இந்த மூணுக்கும் நடுவுல கோடு எங்க போடுறது, அதை யார் போடுறதுங்கிறதுலதான்.

நம்ம ஐ.டி. வேலையில எப்படி?

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். கம்பெனி மாறும்போது பழைய கம்பெனியோட சோர்ஸ் கோடை எடுத்துட்டுப் போகக்கூடாது, கஸ்டமர் லிஸ்ட்டைத் தொடக்கூடாது. ஆனா ஒரு சிஸ்டம் ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துடுச்சுன்னா எங்க முதல்ல பார்க்கணும்ங்கிற அறிவு நம்ம கூடவேதான் வரும். அதைக் கழட்டி வச்சுட்டு வர முடியாது.

இந்தியச் சட்டமும் இதுல நம்ம பக்கம்தான். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தோட 27-வது பிரிவு, ஒருத்தர் தொழில் செய்யுறதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. வேலையில இருக்கும்போது போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யாதேன்னு கட்டுப்படுத்தலாம். விட்டுப் போனப்புறமும் அதே தொழிலைச் செய்யாதேன்னு ஆஃபர் லெட்டர்ல எழுதியிருந்தா, பொதுவா கோர்ட்ல அது நிக்காது.

ஆக, தனியார் முதலாளியால நம்ம அனுபவத்துக்குப் பூட்டு போட முடியாது. அரசாங்கம் தன்னோட உளவுத் துறை ஆட்களுக்கு அந்தப் பூட்டைப் போட்டிருக்கு. சாவி, பென்ஷன்.

2008, 2021, 2023: பூட்டு வளர்ந்த கதை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இரண்டாம் அட்டவணைன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஐ.பி., அதாவது இன்டெலிஜென்ஸ் பியூரோ (நம்ம ஐ.பி. அட்ரஸ் இல்ல), வெளிநாட்டு உளவுக்கான 'ரா' அமைப்பு, அமலாக்கத் துறை, என்.டி.ஆர்.ஓ. மாதிரியான அமைப்புகள் அதுல வரும். பொதுவா இவங்ககிட்ட ஆர்.டி.ஐ. போட்டு எதையும் வாங்க முடியாது. ஊழல், மனித உரிமை மீறல் சம்பந்தமான தகவலுக்கு மட்டும் விதிவிலக்கு.

2008-ல மத்திய அரசு ஊழியர் பென்ஷன் விதிகள்ல ஒரு மாற்றம் வந்துச்சு. இந்தப் பட்டியல்ல இருக்கிற அமைப்புல வேலை பார்த்தவங்க, நாட்டோட பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய விஷயங்களை ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் முன்அனுமதி இல்லாம வெளியிடக்கூடாது. மீறினா பென்ஷனை நிறுத்தலாம். இதுவரைக்கும் சரி, நியாயமாத்தான் தெரியுது.

2021 மே 31-ல அந்த விதியைத் திருத்தினாங்க. நாட்டுக்கு ஆபத்தானதுங்கிற எல்லையைத் தாண்டி, அந்த அமைப்போட 'துறை எல்லைக்குள்' வர்ற எதுவா இருந்தாலும் அனுமதி வேணும்னு ஆச்சு. அங்க வேலை பார்த்த யாரைப் பத்தியும், அவங்க பதவியைப் பத்தியும் சொன்னாலும் சேர்த்தி. அதோட, அங்க வேலை பார்த்ததால கிடைச்ச நிபுணத்துவமும் அறிவும்கூட இதுக்குள்ள அடக்கம். நம்ம பட்டியல்ல மூணாவதா பார்த்தோமே, அந்த அனுபவம், அதையும் பெயர் சொல்லி உள்ள இழுத்துட்டாங்க. ரிட்டயர் ஆகும்போது இதுக்கு ஒரு உறுதிமொழிப் படிவத்துல கையெழுத்து போடணும். ஒரு கட்டுரை இந்த எல்லைக்குள்ள வருதா இல்லையான்னு முடிவு பண்றவர், அந்த அமைப்போட தலைவர்.

'ரா', ஐ.பி. ரெண்டுலயும் மேல் பதவியில இருக்கிற நிறைய பேர் ஐ.பி.எஸ். அதிகாரிகள். அவங்களுக்கு வேற பென்ஷன் விதிகள். 2023 ஜூலையில அதையும் திருத்தி, இதே கட்டுப்பாட்டை அங்கயும் கொண்டு வந்தாங்க.

சென்னையில இருந்து எழுதின ஒருத்தர்

இந்த விதியால நாம எதை இழப்போம்னு புரியணும்னா, பி. ராமனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். தமிழர். முதல்ல பத்திரிகையாளர், அப்புறம் 1961-ல ஐ.பி.எஸ். 1968-ல 'ரா' தொடங்கினதுல இருந்து அங்க இருந்தவர். 1988-ல இருந்து 1994 வரைக்கும் அதோட பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவர். 1994 ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆகி சென்னைக்கு வந்துட்டார். 2013 ஜூன்ல இறந்துபோற வரைக்கும், கிட்டத்தட்ட 19 வருஷம், எழுதிக்கிட்டே இருந்தார். பாகிஸ்தான், சீனா, இலங்கை, சைபர் பாதுகாப்புன்னு எதையும் விடல. 2007-ல 'ரா' அமைப்போட உள்கதையை ஒரு நினைவுக் குறிப்பாகவும் புத்தகமா போட்டார். அந்த அமைப்பு எங்க சறுக்குச்சுன்னும் அதுல எழுதினார்.

அவரோட ஒரு கட்டுரை மட்டும் தனிக் கதை. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்குல யாகூப் மேமனுக்குத் தூக்கு தண்டனை கொடுத்தப்ப, 2007-ல ராமன் ஒரு கட்டுரை எழுதினார். யாகூப்பை இந்தியாவுக்குக் கொண்டு வந்த வேலையில அவருக்கு நேரடிப் பங்கு இருந்துச்சு. விசாரணைக்கு யாகூப் ஒத்துழைச்சார், அதனால தூக்கு வேண்டாம்னு அவர் வாதம். வழக்கைப் பாதிக்குமோன்னு யோசிச்சு, வெளியிட வேண்டாம்னு அவரே நிறுத்திட்டார். அவர் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 2015 ஜூலையில, குடும்பத்தோட சம்மதத்தோட ரெடிஃப் இணையதளம் அதை வெளியிட்டுச்சு. நாடு முழுக்க விவாதம் ஆச்சு. ஜூலை 30-ம் தேதி தூக்கு நிறைவேறிடுச்சு.

ராமன் சொன்னது சரியா தப்பாங்கிறது வேற விவாதம். ஒரு மனுஷன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல, உள்ள இருந்து பார்த்த ஒருத்தர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு தகவல் இருந்துச்சு. 2021 விதிப்படி பார்த்தா அந்தக் கட்டுரை அமைப்போட 'துறை எல்லை'க்குள்ள வரும். அனுமதி கேட்கணும். அனுமதி கொடுக்க வேண்டியது, அவர் விமர்சிக்கக்கூடிய அதே அமைப்பு.

ராமன் புத்தகம் வந்த அதே 2007-ல, 'ரா'வுல பணியாற்றின மேஜர் ஜெனரல் வி.கே. சிங் (பின்னாடி ராணுவத் தளபதியா இருந்தவர் இல்ல, வேற ஒருத்தர்) ஒரு புத்தகம் போட்டார். கருவிகள் வாங்கினதுல முறைகேடுன்னு அதுல குற்றம்சாட்டியிருந்தார். சி.பி.ஐ. அவர் மேல அலுவல் ரகசியச் சட்டத்துல வழக்குப் போட்டு, வீட்டைச் சோதனை போட்டுச்சு. 2023-ல டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து பண்ண மறுத்துடுச்சு. பதினாறு வருஷம் ஆகியும் முடியல.

பென்ஷனைக் கையில எடுக்கிறது நம்ம நாட்டுல மட்டும் இல்ல. 'ரா'வோட முன்னாள் தலைவர் ஏ.எஸ். துலத்தும் பாகிஸ்தான் ஐ.எஸ்.ஐ.யோட முன்னாள் தலைவர் அசத் துர்ரானியும் சேர்ந்து 2018-ல ஒரு உரையாடல் புத்தகம் கொண்டு வந்தாங்க. மறு வருஷம் பாகிஸ்தான் ராணுவம் துர்ரானியோட பென்ஷனை நிறுத்திடுச்சு.

அரசாங்கத்தோட வாதத்தையும் கேட்போம்

"ரகசியத்தை மட்டும் தடுத்தா போதாதா, அனுபவத்தை எதுக்குத் தடுக்கணும்?"னு கேட்டா அவங்ககிட்டயும் ஒரு பதில் இருக்கு. தனித்தனியா பார்த்தா ஒண்ணுமில்லாத துண்டுகளை ஒட்டவச்சா முழுப் படம் வந்துடும்.

நமக்குத் தெரிஞ்ச உதாரணம், ஸ்ட்ராவா ஆப். ஓடுறவங்க, சைக்கிள் ஓட்டுறவங்க போன பாதையெல்லாம் சேர்த்து 2017 நவம்பர்ல ஒரு உலக வரைபடம் வெளியிட்டாங்க. யார் பேரும் இல்ல. பௌர்ணமி அன்னைக்கு எங்க ஊர்ல எல்லாரும் அந்த ஆப்பைப் போட்டுக்கிட்டு நடந்தா, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மலையைச் சுத்தி ஒரு வளையமா மின்னும். இங்க அதனால ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்துக்கு நடுவுல அப்படி ஒரு சின்ன வளையம் மின்னினா? 2018 ஜனவரியில ஆஸ்திரேலிய மாணவர் ஒருத்தர் அதைக் கவனிச்சார். சிரியா, ஆப்கானிஸ்தான் மாதிரி இடங்கள்ல ராணுவ முகாம்களோட உருவமே தெரிஞ்சுது. ஜாக்கிங் போன சிப்பாய் எவரும் ரகசியம் எதையும் சொல்லல.

ரிட்டயர் ஆன பத்து அதிகாரிகள் பத்துக் கட்டுரையில விடுற சின்னச் சின்னக் குறிப்பும் இப்படிச் சேரலாம். இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனா இந்தப் பயம் உண்மைன்னா, துண்டுகள் வெளிய போற இன்னொரு வாசலையும் பார்க்கணும் இல்லையா?

மூடின ரூம்

வெளியீடுன்னு சொன்னா பத்திரிகை, டி.வி., புத்தகம், கடிதம், ஆவணம். இதெல்லாம் எல்லார் கண்ணுக்கும் படும். ஒரு கார்ப்பரேட் கான்ஃபரன்ஸ் ரூம்ல உட்கார்ந்து வாயால சொல்ற ஆலோசனையை யார் கண்டுபிடிப்பாங்க?

அதுக்குன்னு இருக்கிற கட்டுப்பாடு, தனியார் வேலைக்கான இடைவெளி. குரூப் ஏ அதிகாரிகள் ரிட்டயர் ஆன ஓராண்டுக்குள்ள தனியார் வேலைக்குப் போகணும்னா அரசாங்கத்தோட அனுமதி வேணும். அந்த வருஷம் முடிஞ்சா அந்தக் கதவு திறந்திடும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அந்த மத்திய அரசு பென்ஷன் விதிகள் பொதுவா 2003 டிசம்பர் 31 வரைக்கும் வேலையில சேர்ந்தவங்களுக்குத்தான். அதுக்கப்புறம் சேர்ந்தவங்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம். 2023 நவம்பர்ல செர்ட்-இன் அமைப்பையும் அந்த ஆர்.டி.ஐ. விலக்குப் பட்டியல்ல சேர்த்தாங்க. நாட்டுல நடக்கிற சைபர் தாக்குதல்களைக் கையாளுற அமைப்பு அது. நம்ம வயசுல அங்க வேலை பார்க்கிற ஒரு இன்ஜினியர் நாளைக்கு வேலையை விட்டா, இந்த விதிப்படி நிறுத்தி வைக்க அவருக்குப் பழைய பென்ஷனே கிடையாது. அறுபது வயசைத் தாண்டி நினைவுக் குறிப்பு எழுதுறவரை இந்தப் பூட்டு பிடிக்கும். முப்பத்தஞ்சு வயசுல சைபர் வித்தையோட வெளிய வர்றவர்கிட்ட அது செல்லாது. அலுவல் ரகசியச் சட்டம் எல்லாருக்கும் உண்டு, ஆனா அது ரகசியத்துக்கான சட்டம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேற. அரசாங்கத்துல ஒரு போனை ஒட்டுக் கேட்கணும்னா உள்துறைச் செயலாளர் மட்டத்துல எழுத்துபூர்வ உத்தரவு வேணும், அதை மறுபரிசீலனை பண்ண ஒரு குழு இருக்கு. அது ஒழுங்கா நடக்குதாங்கிற கேள்வி இருந்தாலும், ஒரு காகிதமாவது இருக்கு. அதே ஆள் தனியார் வேலைக்கு வரும்போது வித்தை கூட வருது, அந்தக் காகிதம் வர்றதில்ல.

இன்னொண்ணு பாருங்க. ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற காவலாளியை அனுப்புற ஏஜென்சிக்கு 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். எங்க பக்கம் ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் அந்த வேலையில இருக்காங்க. ஆனா ஆளைப் பின்தொடர்ந்து தகவல் சேகரிக்கிற தனியார் துப்பறியும் ஏஜென்சிகளுக்குன்னு தனிச் சட்டம் இல்ல. 2007-ல மாநிலங்களவையில ஒரு மசோதா வந்துச்சு, சட்டமாகல. 2018-ல மகாராஷ்டிராவுல தானே போலீஸ், மத்தவங்களோட கால் ரெக்கார்டுகளைச் சட்டவிரோதமா வாங்கி வித்ததா தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது பண்ணாங்க. அந்தச் சந்தையில உங்க நம்பருக்கும் ஒரு விலை இருக்கும்.

அபுதாபி வில்லா

இது எவ்வளவு தூரம் போகும்னு உலகத்துக்குக் காட்டினது 'புராஜெக்ட் ரேவன்'. 2019 ஜனவரியில ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி. அமெரிக்காவோட என்.எஸ்.ஏ.யில வேலை பார்த்தவங்களை நல்ல சம்பளத்துக்கு அபுதாபிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பயங்கரவாதிகளைக் கண்காணிக்கிற வேலைன்னு சொன்னாங்க. போகப் போக, கண்காணிப்புப் பட்டியல்ல மனித உரிமைப் போராளிகள், பத்திரிகையாளர்கள், கடைசியில அமெரிக்கக் குடிமக்களே வந்துட்டாங்க. ஐபோனுக்குள்ள நுழையிற ஒரு கருவியும் அவங்ககிட்ட இருந்துச்சு.

2021 செப்டம்பர்ல அதுல சம்பந்தப்பட்ட மூணு பேர் அமெரிக்க நீதித் துறையோட உடன்பாட்டுக்கு வந்து, மொத்தம் 16 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு மேல கட்ட ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அங்க புதுச் சட்டம் வந்துச்சு. முக்கியமான உளவுப் பதவியில இருந்தவங்க வேலையை விட்ட 30 மாசத்துக்கு வெளிநாட்டு அரசுகளுக்கு வேலை பார்க்கக்கூடாது. எழுதுற விஷயத்துல அமெரிக்கா ரொம்பக் கறார். 1980-லயே முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி ஃபிராங்க் ஸ்னெப், ரகசியம் எதுவும் இல்லாத புத்தகத்தை முன்அனுமதி இல்லாம போட்டார்னு, அதுல வந்த பணம் முழுக்க அரசாங்கத்துக்குப் போகணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அவங்களும் எழுத்தைத்தான் முதல்ல பூட்டினாங்க. மூடின ரூமைப் பூட்ட நாப்பது வருஷம் ஆச்சு.

நல்ல பக்கமும் இருக்கு

இதைக் கேட்டுட்டு "அப்ப இவங்களை வேலைக்கே எடுக்கக்கூடாது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அமெரிக்க விமானப் படையில கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்த்த கெவின் மாண்டியா தொடங்கின கம்பெனிதான் மாண்டியண்ட். 2013-ல சீன ராணுவத்தோட ஒரு பிரிவு எப்படி கம்பெனிகளுக்குள்ள நுழையுதுன்னு ஆதாரத்தோட அறிக்கை போட்டாங்க. 2020 டிசம்பர்ல, அவர் தலைமையில இருந்த ஃபயர்ஐ தன்னோட சிஸ்டத்துலயே யாரோ நுழைஞ்சதைக் கண்டுபிடிச்சு, மறைக்காம வெளிய சொன்னாங்க. அதனாலதான் சோலார்விண்ட்ஸ் தாக்குதலே உலகத்துக்குத் தெரிஞ்சுது. ஏறக்குறைய 18,000 நிறுவனங்களுக்கு அந்த விஷம் கலந்த அப்டேட் போயிருந்துச்சு. அரசாங்கத்துல வளர்ந்த ஒரு கண், அரசாங்கத்துக்கே தெரியாததைப் பிடிச்சுது. அதைக் கண்டுபிடிச்சவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதவும் செஞ்சாங்க.

அப்ப என்ன பண்ணலாம்?

எனக்குத் தோணுறது மூணு. ஒண்ணு, எழுத அனுமதி கேட்டா இத்தனை நாளுக்குள்ள பதில்னு கெடு வேணும். மறுத்தா காரணம் எழுதிக் கொடுக்கணும். அந்த அமைப்புக்கு வெளிய, ஒரு முன்னாள் நீதிபதி மாதிரி யார்கிட்டயாவது மேல்முறையீடு பண்ண வழி இருக்கணும். ரெண்டு, மூடின ரூம் வேலைக்கு ஒரு பதிவேடு. யார் எந்தக் கம்பெனிக்கு, எந்த மாதிரி வேலைக்குப் போறார்னு ஓராண்டுக்கு அப்புறமும் தெரியணும். வெளிநாட்டு அரசு, அதோட கம்பெனின்னா இடைவெளி இன்னும் நீளமா இருக்கணும். மூணு, துப்பறியும் ஏஜென்சிகளுக்குச் சட்டம்.

கேள்வி அனுப்பின நண்பருக்கு: உங்க கம்பெனியில அவர் பாடம் எடுத்தா தாராளமா உட்கார்ந்து கத்துக்கோங்க. ஒரு தகவல் உண்மையான்னு எப்படிச் சோதிக்கிறது, தனக்குப் பிடிச்ச முடிவை விட்டுட்டு வேற சாத்தியங்களை எப்படிப் பார்க்கிறதுன்னு அவங்க சொல்லிக்கொடுக்கிற பழக்கம் பொன் மாதிரி. அதே சமயம் கம்பெனியை மூணு கேள்வி கேளுங்க. அவர் பாதுகாக்கிறது சிஸ்டத்தையா, கண்காணிக்கிறது ஊழியர்களையா? நம்ம லேப்டாப்புல, போன்ல எதைப் பார்க்கலாம்னு எழுத்துல ஏதாவது கொள்கை இருக்கா? "எங்க ஆளுக்கு உள்ள தொடர்பு இருக்கு"ன்னு யாராவது பெருமையா சொன்னா, அந்தத் தொடர்பு மூலமா வர்ற தகவல் சட்டப்படி வாங்கினதா? மூணாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தா, அவரை எடுத்தது அனுபவத்துக்காக இல்லைன்னு புரிஞ்சுக்கோங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். இந்தத் துறையில இருந்து ஓய்வு பெற்று தனியார் வேலைக்கு வந்தவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க பார்வையை எழுதி அனுப்புங்க. பேர் போட மாட்டோம். அடுத்த வாரம் வேற கேள்வியோட வர்றேன்.